நறவி என்று கூப்பிட்டால்

இருந்ததைத்தான் சொல்கிறேன், இல்லாமல் போய் மறுபடி இருந்ததையும் சேர்த்து. நறவி என்ற பெயரில் மூன்று ஊர்கள் இருந்தன, ஒன்று கடலோரத்தில், ஒன்று மலையடிவாரத்தில், ஒன்று இரண்டுக்கும் நடுவே கரிசல் மேட்டில், அந்த மேட்டில் இருப்பது எங்கள் ஊர். மூன்று ஊரிலும் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு, எழுத்தில்லாதது, மாட்டை அதட்டவும் பிள்ளையைத் தூங்கவைக்கவும் அடுப்பு முன்னால் தனியாக முணுமுணுக்கவும் போதுமானது, அந்தப் பேச்சுக்கும் நறவி என்றுதான் பெயர். அதைப் பேசுகிற எங்களையும் சந்தையில் நறவி ஆளுக என்றுதான் சொல்வார்கள். இது போதாதென்று வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளைக்கு நறவி என்று பெயர் விட்டே ஆக வேண்டும், எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் நறவி ஒரு பொம்பளை. அவள் செத்தபோது நிலத்தையும் மாட்டையும் பிரித்துக்கொண்ட மூன்று மகன்களும் அவள் பெயரை மட்டும் பிரிக்க மனமில்லாமல் முழுசாக ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு மூன்று திக்கில் போனார்கள் என்பது எங்கள் கதை. அதனால் மூன்று ஊரும் பங்காளி. பங்காளிக்குள் பெண் கொடுப்பதில்லை, பெண் எடுப்பதில்லை. கடலோரத்தில் ஒரு கிழவர் செத்தால் மேட்டில் நாங்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம், மலையில் சாவு விழுந்தால் கடலில் படகு இறங்காது. வெளியார் அடையாளத்துக்காகக் கடல்நறவி, மலைநறவி, மேட்டுநறவி என்று சொல்வார்கள். எங்களுக்கு அது ஆகாது. முக்கியமாக, ஊர்க் காரியங்களை முன்நின்று நடத்துகிற என் வைரமணிப் பெரியப்பாவுக்கு ஆகவே ஆகாது.

"மேட்டுநறவி ஒண்ணு குடுங்க" என்று பஸ்ஸில் யாராவது டிக்கெட் கேட்டால் போதும், பின் சீட்டிலிருந்து எழுந்து வருவார்.

"ஏப்பா, தாயை மேட்டுத்தாய், பள்ளத்துத்தாய்னு சொல்லுவியா? நறவின்னா நறவிதான்."

கண்டக்டர்கள் அவரைப் பார்த்தால் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு முன்பக்கம் போய்விடுவார்கள்.

கடலோரத்து ஊரைக் கடல் தெருத் தெருவாகத் தின்றது. முதலில் வலை காயப்போடுகிற மணல், அப்புறம் முதல் வரிசை வீடுகள், அப்புறம் கிணறு, கடைசியாகக் கோயில். கோயில் விழுந்த செய்தி எங்களுக்கு வந்தபோது ஊரில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஆனால் ஒருவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கவும் இல்லை. வெயில் என்றார்கள், விதைப்பு என்றார்கள். ஊரே போச்சு, அங்கே போய் யார் கையைப் பிடிப்பது என்றார்கள். பிடிப்பதற்குக் கை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மந்தையில் கூட்டம் போட்டு, பங்காளி செத்தால் தீட்டுக் காக்கிறோம், ஊரே செத்தால் சும்மா இருப்பதா என்று பேசி, பதினாறாம் நாள் கண்மாய்க்கரையில் கருமாதி என்று முடிவானது. ஒரு ஊருக்குக் கருமாதி செய்வதில் யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை, எத்தனை படி அரிசி போடுவது என்பதில்தான் சண்டை வந்தது. அன்றைக்கு வெயில் வெள்ளையாக அடித்தது. பெரியப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். எள்ளும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்த பூசாரி, வழக்கம்போல, செத்தவர் பெயரைச் சொல்லச் சொன்னார்.

"நறவி" என்றார் பெரியப்பா.

பூசாரி வெளியூர்க்காரர். கொஞ்சம் தயங்கி, "எந்த நறவின்னு சொல்லிருங்களேன்" என்றார்.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் பார்த்தேன். "நறவின்னா நறவிதான் பூசாரி. விடும்."

விட்டார்கள். பெரியப்பாவின் கட்டைவிரல் வழியாக எள்ளும் தண்ணீரும் இறங்கின. கரையில் வைத்த சோற்றைச் சில சமயம் காக்கா தொடாது, ஊரே நின்று கெஞ்சும். அன்றைக்கு, வைத்த கையை எடுப்பதற்குள் காக்கைகள் வந்து இலையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயின. ஏற்றுக்கொண்டார்கள் என்று எல்லோரும் கும்பிட்டோம். யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தலைமுழுகிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், இன்றோ நாளையோ என்கிற மாசம். அம்மா எனக்கு இலை போட்டாள், தனக்குப் போட்டாள், சோற்றுப் பானையை மூடினாள்.

"எம்மா, எனக்கு?" என்றாள் அக்கா.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, காற்று ஏதோ தள்ளிவிட்டதோ என்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அக்கா முதலில் சிரித்தாள். "அம்மா விளையாடுறாடா." அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா தோளைச் சொறிந்துகொண்டாள். நான் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தேன்.

"அம்மா, அக்கா உன் பக்கத்துலதான் நிக்குறா."

"உனக்கு ஏதுடா அக்கா?" என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

ஒரு நாளைக்கு நூறு தடவை "நறவி, நறவி" என்று கூப்பிட்டவள் அம்மா. அக்காவை அந்தப் பெயராகவே வைத்திருந்தவள். நான் பிறந்ததிலிருந்து எனக்கு அவள் அக்காதான், ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு அவள் மிஞ்சினாள் என்பது ஊரில் மற்ற வீடுகளில் நடந்ததைப் பார்த்தபிறகு புரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர்க்காரிகள் இல்லாமல் போனார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அம்மா அம்மாவாகவே இருந்தாள், அத்தை அத்தையாகவே இருந்தாள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெண்டாட்டியைப் பெயர் சொல்லாமல் "ஏ புள்ள", "இந்தா" என்று காலந்தள்ளிய புருசன்மார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் வீட்டில் வழக்கம்போலச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் தெருவில் நின்று, ஆளில்லாத இடத்தைப் பார்த்துத் திட்டுகிற அந்த மனிதர்களைப் பார்த்துப் பயந்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை. ஆசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். அந்த வாரக் கடைசியில் கொய்யாப்பழமும் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், அக்கா எதிரில் வந்து நின்றாள், அவர் பையைத் திறந்து திறந்து பார்த்தார்.

"அத்தை, நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். கேட்கும்போதே அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, ஏன் வருகிறது என்று தெரியாமல் துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அக்கா தெருமுனை வரை அவருக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் என்றால் எங்கள் ஊரில் ஏறும் பஸ் இல்லை. அது எங்களைத் தாண்டிப் போக ஆரம்பித்திருந்தது. கை காட்டினால் டிரைவர் நம்மைத் தாண்டி வெறும் காட்டைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மைல்கல்லில் எழுத்து அழியவில்லை, ஆனால் படிக்கப் போனால் கண் வழுக்கிக்கொண்டு பக்கத்துப் புல்லுக்குப் போய்விடும். பேச்சும் போனது. மாட்டை அதட்ட வாயைத் திறந்தவர்களுக்குக் காற்றுதான் வந்தது, மாடுகள் யார் சொல்லியும் திரும்பாமல் நின்றன. தொட்டிலை ஆட்டிக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிற பெண்களைத் தெருத் தெருவாகப் பார்த்தேன், சத்தம் அணைத்த டிவி மாதிரி. தமிழ் வந்தது. தமிழில் தாலாட்டினால் எங்கள் பிள்ளைகள் வேற்றாள் வீட்டில் விட்டதுபோல முழித்துக்கொண்டு கிடந்தன.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய்ப் பஸ் ஏறினார்கள். ஊர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் "நம்ம பக்கம்" என்றார்கள். அம்மா இருக்காக, அம்மா இருக்காக என்று அழுத பிள்ளைகளுக்குத் தாயத்துக் கட்டினார்கள். எனக்கும் ஒன்று கட்டினாள் அம்மா. எங்கள் வீட்டில் அக்காவின் தையல் மிஷின் இருந்தது, மனசு தாங்காமல் அக்கா ஒருநாள் அதில் உட்கார்ந்து பிள்ளைக்குத் துணி தைத்தாள். தானாக ஓடுகிற மிஷினைப் பார்த்து அம்மா அலறி, திருநீற்றுத் தண்ணீரைத் தெளித்து, வேப்பிலைக் கொத்தை அதில் கட்டினாள். அக்காவின் முகத்தில் தண்ணீர் வழிந்தது. "என்னையப் பேயாக்கிட்டாளேடா" என்றாள்.

அதற்கு மேல்தான் எங்களுக்கு உண்மையான பயம் வந்தது. பெற்ற தாய்க்கே தெரியாதவளுக்குப் பிரசவம் யார் பார்ப்பது? நர்சம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். காரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே பெயர் கேட்பார்கள். என்ன சொல்வேன்?

"பிள்ளை பிறந்தா அது யாருக்குத் தெரியும்?" என்று அக்கா கேட்டாள். "ஆளில்லாத வயித்துல பிறந்த பிள்ளைய யார் எடுப்பா? உனக்குத் தெரியும். நீ செத்தா?"

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செம்பவளம் வந்தது அந்தச் சமயம்தான். வேற்றூரிலிருந்து கடலோர ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பொம்பளை, பெயர் வேறு என்பதால் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாள். கறுத்து ஒல்லியாக, முழங்கை வரை உப்பு பூத்து, காலி ரோட்டில் தனியாகப் பேசிக்கொண்டே நடந்து வந்தாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் பெண்கள் வந்தார்கள், ஈரப் புடவையோடு, கிழவிகளும் குமரிகளும். அவள் அவர்களை "ஏ நாத்தனா, ஓரமா வா" என்று அதட்டிக்கொண்டே வந்ததால் எனக்கும் அவர்கள் தெரிந்தார்கள்.

மந்தையில் நின்று கேட்டாள்: "ஏய்யா, இதுதானா தலைமுழுகுன ஊரு?"

பெரியப்பா வேட்டியை இறக்கிவிட்டு வந்தார். "வா தாயி. பங்காளிக்குச் செய்ய வேண்டிய மொறையச் செஞ்சோம்."

"பங்காளி செத்தானான்னு வந்து பாத்தியளா? தகரக் கொட்டகையில அவிஞ்சுக்கிட்டுக் கெடந்தோம், ஒரு படி அரிசி கொண்டாந்தியளா? மண்ணுதானய்யா போச்சு, மனுசரு இருக்கோம்ல. நீங்க எள்ளுத்தண்ணி விட்ட அன்னிக்கு என் நாத்தனாமாரு பூராப் பேரும் சோத்துத் தட்டோட மறைஞ்சு போனாளுக. இவளுகளுக்கு டிக்கெட் கேட்டேன், காலி சீட்டுக்கு டிக்கெட் எடுக்குற கிறுக்கின்னு கண்டக்டர் சிரிக்கான். மூணு ஊருக்கும் ஒத்தப் பேருதானேய்யா. ஒருத்திக்கு ஊத்துனா மூணு பேருக்கும் நனையாதா?"

பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். நின்றிருந்தவர்களில் யாரோ முதன்முதலாக அழுதார்கள்.

அவளிடம் வழி இருந்தது. கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் அங்கே காத்திருந்து பார்த்துக் கருமாதி செய்துவிடுவார்கள்; சிலபேர் வேறு கரையில் ஒதுங்கிப் பிழைத்து வந்து நிற்பார்கள். அப்படி வந்தவனை அப்படியே வீட்டுக்குள் விடமாட்டார்கள். புடவையில் தொட்டில் கட்டி, அவ்வளவு பெரிய ஆம்பளையைப் பிள்ளைபோலக் கிடத்தி, பிறந்த பிள்ளைக்கு வைக்கிற சேனைத்தண்ணியை, சர்க்கரைத் தண்ணீரை, நாக்கில் தொட்டுவைத்து, காதில் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எள்ளுத்தண்ணி விட்ட அதே ஆள். மூன்றாவது கூப்பிடலுக்கு அவன் "ம்" என்றால் பிறந்துவிட்டான் என்று அர்த்தம். மூன்றாவதுக்குத்தான் ஏன் என்றால், முதல் இரண்டு கூப்பிடலுக்கு எங்கள் ஆட்கள் எப்போதுமே பதில் சொல்வதில்லை, கூப்பிடுவது மனிதர்தானா என்று தெரியாதல்லவா.

"இந்தா இருக்காளே, நெறமாசக்காரி, இவளப் போடுங்க தொட்டில்ல" என்று செம்பவளம் அக்காவைக் காட்டினாள். "ஏ மக்கா, வலி எடுத்துருச்சா?"

எடுத்திருந்தது. அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்தம் கட்டியது.

ஆனால் பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

"முடியாது தாயி. செத்ததுன்னு அனுப்புன பேரை நான் எப்படிக் கூப்பிடுவேன்? கூப்பிட்டா எது வரும்னு உனக்குத் தெரியுமா? நறவின்னு இருந்த எடத்துல இப்ப என்ன கெடக்கு? கடலு கெடக்கு. அந்தப் பேரு இப்ப அதுக்கும்தானே? நான் கூப்பிட்டு, அது 'ம்'னு சொல்லிட்டா?"

உச்சி வெயிலில், கடல் இருக்கிற திசையை எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அங்கே பனைகளைத் தவிர ஒன்றும் இல்லை.

அக்காவை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் கூறைப்புடவையை உத்தரத்தில் கட்டி அதில் கிடத்தினோம். அந்தரத்தில் தொங்குகிற காலித் தொட்டில் கனத்தில் முனகுவதை அம்மா சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பவளமும் அந்த ஈரப் புடவைக்காரிகளும் சுற்றி நின்றார்கள். வலி வந்து வந்து போனது. தலை தெரிகிறது என்றாள் செம்பவளம். "தாய்க்குப் பேரு வாரதுக்கு முன்ன பிள்ளை வந்துரக் கூடாதுடா. வந்தா அதுவும் இவளோட போயிரும். ஓடு."

நான் ஓடினேன். எனக்குக் குரல் சின்னது, கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, ஊரில் அதற்காகக் கேலி செய்வார்கள். பெரியப்பாவின் முன்னால் நின்று என் சின்னக் குரலில் சொன்னேன்: "பெரியப்பா, கடல் வந்தா ஊரோட சேந்து சாவோம். அக்கா தனியா சாகுறா."

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

தொட்டில் முன்னால் வந்து நின்று, காலியாகத் தெரிகிற புடவைக்குள் சேனைத்தண்ணி தொட்ட விரலை நீட்டினார். செம்பவளம் அந்த விரலைப் பிடித்து அக்காவின் நாக்கில் வைத்தாள். விரலில் நாக்கு பட்டதும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது, ஆனால் விலகவில்லை. குனிந்தார்.

"நறவி."

தெருவில் ஒரு மாடு தலையைத் தூக்கியது. அவ்வளவுதான்.

"நறவி."

வீட்டில் குடத்துத் தண்ணீர் தானாகத் தளும்பியது. பெரியப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. மூன்றாவதைச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டார். தொட்டிலுக்குள் அக்கா அலறினாள், எனக்கு மட்டும் கேட்கிற அலறல். நான் அவர் கையை வாயிலிருந்து பிடித்து இழுத்தேன்.

"நறவி!"

"ம்" என்றாள் அக்கா.

அவளோடு சேர்ந்து சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் "ம்" என்றார்கள், தெருவில் அந்தந்த வீட்டில் இருந்தவர்கள் "ம்" என்றார்கள், மலைப் பக்கமிருந்து ஒன்று, மைல்கல் பக்கமிருந்து ஒன்று, கடைசியில், எல்லாம் அடங்கியபிறகு, ரொம்பத் தாமதமாக, ரொம்ப ஆழத்திலிருந்து, ஊர்க் கிணற்றுக்குள்ளிருந்து ஒன்று.

அம்மா "அய்யோ என் மகளே" என்று நறவிப் பேச்சில் கதறிக்கொண்டு தொட்டிலில் விழுந்தாள். அந்தக் கதறலைக் கேட்டுக்கொண்டே பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்து நின்றது.

இப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கடலோரப் பெண்கள் மந்தைக்குப் பின்னால் எங்களோடு வீடு கட்டியிருக்கிறார்கள், கல்லும் மண்ணும் நாங்கள்தான் சுமந்தோம். பஸ் நிற்கிறது, மாடு திரும்புகிறது. கிணற்றுத் தண்ணீர்தான் உப்பாகிவிட்டது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே எத்தனையோ ஊர் இருக்கிறது, அந்த ஊர்களில் எல்லாம் நல்ல தண்ணீர். பெரியப்பா தினமும் காலையில் ஒரு வாளி இறைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அம்மா இப்போது அக்காவை "ஏ, இந்தா" என்றுதான் கூப்பிடுகிறாள். யாராவது மறந்து பெயர் சொல்லிவிட்டால் அக்கா முதல் கூப்பிடலிலேயே, சோற்றுக் கையோடு, மூச்சிரைக்க, "ம், ம்" என்று ஓடி வருகிறாள். வேறு எதுவும் முந்திவிடக் கூடாது என்பதற்காக.

பிள்ளைக்கு இன்னும் பெயர் விடவில்லை. வீட்டுக்கு ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர்தான் என்று ஊர் சொல்கிறது, பாப்பா என்று நாங்கள் சமாளிக்கிறோம்.

நேற்று மத்தியானம் செல்லப்பாண்டி அத்தான் வந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தது அவருக்குத் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, பழைய ஆசையில், "நறவி" என்று கூப்பிட்டார்.

உள்ளே, தொட்டில் பக்கமிருந்து "ம்" என்று கேட்டது.

அத்தான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, அக்காவைக் காணாமல் எங்களைப் பார்த்தார். நாங்கள் தொட்டிலைப் பார்த்தோம். பிள்ளைதான் என்றாள் அம்மா. பிள்ளைதான் என்று நானும் சொன்னேன். அம்மாவின் மடியில், வாய் நிறையப் பாலோடு, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.